கண் அசைவுச் சிகிச்சையும் தட்டுதல் சிகிச்சையும்

கண் அசைவுச் சிகிச்சை, தட்டுதல் சிகிச்சை ஆகியவை விபத்து, பேரிடர், வன்முறை போன்றவற்றால் ஏற்பட்ட மனக்காயத்தை ஆற்றுவதற்குப் பயன்படுத்தப்படும் இரு உளவியல் முறைகள். முதலாவது ஈ.எம்.டி.ஆர். என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. ‘கண் அசைவு வழியாக உணர்வைத் தணித்து நினைவை மறுபடி செயலாக்குதல்’ என்பது அதன் பொருள். இரண்டாவது ஈ.எஃப்.டி., அதாவது ‘உணர்ச்சி விடுதலை நுட்பம்’. இணையக் காணொளிகளில் இரண்டும் ஒரே மூச்சில் பேசப்படுகின்றன. ஆனால் பிறப்பாலும் விளக்கத்தாலும் அவற்றுக்குப் பின்னுள்ள சான்றின் அளவாலும் அவை வேறுபட்டவை. எதை நம்பலாம், எந்த அளவுக்கு நம்பலாம், யாரிடம் செல்லலாம் என்பதை அறிய இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது அவசியம்.

சேலம்–நாமக்கல் பகுதியும் மனக்காயமும்

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட சேலம்–நாமக்கல் சமவெளி, சாலையை நம்பி வாழும் பகுதி. பெங்களூரிலிருந்து தொப்பூர் கணவாய் இறங்கி வரும் தேசிய நெடுஞ்சாலை 44, சேலம், ராசிபுரம், நாமக்கல் வழியாகக் கரூருக்குச் செல்கிறது. சேலத்திலிருந்து சங்ககிரி வழியாகக் கோவைக்கு ஒரு சாலையும், ஆத்தூர் வழியாக உளுந்தூர்ப்பேட்டைக்கு இன்னொரு சாலையும் பிரிகின்றன. 1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், லாரித் தொழிலுக்கும் பாடி கட்டும் பட்டறைகளுக்கும் பெயர் பெற்றது. திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு தோண்ட நாடு முழுவதும் செல்கின்றன. ஓட்டுநர், கிளீனர், பட்டறைத் தொழிலாளி, அவர்களுடைய குடும்பத்தார் எனப் பல்லாயிரம் பேரின் வாழ்க்கை சக்கரத்தோடு கட்டப்பட்டது.

விபத்தில் உடைந்த எலும்புக்குக் கட்டுப் போடப்படுகிறது. வண்டிக்குக் காப்பீடு கோரப்படுகிறது. மனத்தில் விழுந்த அடி பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. எடுத்துக்காட்டாக, கணவாய்ச் சரிவில் பிரேக் பிடிக்காமல் போன லாரியிலிருந்து உயிர் தப்பிய ஓர் ஓட்டுநரை எண்ணிக்கொள்ளலாம். காயம் ஆறிய பிறகும் இரவில் அவர் திடுக்கிட்டு எழுகிறார். ஏர் ஹாரன் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது. அந்த வளைவு வழியாகப் போக வேண்டிய லோடை ஏதாவது காரணம் சொல்லித் தவிர்க்கிறார். தூக்கம் வர மது அருந்தத் தொடங்குகிறார். வீட்டார் அவரைக் கோபக்காரர் என்கிறார்கள். உடன் ஓட்டுபவர்கள் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். வண்டி ஓட்டினால்தான் வருமானம் என்ற நிலையில் இது அந்தக் குடும்பத்தின் பிழைப்பையே பாதிக்கிறது.

இத்தகைய நிலையை ஊரில் ‘பயந்துட்டான்’, ‘மிரண்டு போயிட்டான்’ என்று சொல்வதுண்டு. கோயிலில் திருநீறு மந்திரிப்பது, வேப்பிலை அடிப்பது, தர்காவில் தண்ணீர் ஓதி வாங்குவது போன்ற வழக்கங்களும் உள்ளன. பயந்தவரைத் தனியே விடாமல் உடனிருந்து தேற்றுவது இவ்வழக்கங்களில் அமைந்துள்ள நல்ல கூறு. ஆயினும் பல மாதம் நீடிக்கும் மனக்காயத்துக்கு முறையான சிகிச்சை தேவைப்படும்.

மனக்காய நினைவின் இயல்பு

உயிருக்கு ஆபத்து நேர்ந்த பின் சில நாட்களுக்குத் தூக்கமின்மை, நடுக்கம், அதே காட்சி திரும்பத் திரும்ப வருதல் ஆகியவை இயல்பானவை. பெரும்பாலோருக்கு இவை தாமாகவே குறையும். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால், அதை அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு எனக் கண்டறிகின்றனர். பி.டி.எஸ்.டி. என்ற பெயரில் இது 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

சாதாரண நினைவு ‘அது நடந்தது, முடிந்தது’ என்ற உணர்வோடு வரும். மனக்காய நினைவு அப்படி வருவதில்லை. டீசல் வாடையோ கண்ணாடி நொறுங்கும் ஓசையோ தூண்டினால், நடந்தது இப்போதே நடப்பது போல உடல் பதறும். எனவே பாதிக்கப்பட்டவர் அந்த நினைவைத் தூண்டும் எதையும் தவிர்க்கிறார். தவிர்க்கும்போது அப்போதைக்கு நிம்மதி கிடைக்கிறது. ஆனால் ஆபத்து முடிந்துவிட்டது என்பதை மனம் கற்றுக்கொள்ள வாய்ப்பில்லாமல் போகிறது. மனக்காயச் சிகிச்சைகளில் பெரும்பாலானவை இந்தத் தவிர்ப்பைப் பாதுகாப்பான சூழலில், சிறிது சிறிதாக உடைப்பவையே.

கண் அசைவுச் சிகிச்சையின் தோற்றம்

இம்முறையை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோ. 1987இல் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, தம்மை வருத்திய எண்ணங்களின் வேகம் குறைவதையும், அப்போது தம் கண்கள் இருபுறமும் விரைவாக அசைவதையும் கவனித்ததாக அவர் எழுதியுள்ளார். இதைப் பிறரிடம் சோதித்து 1989இல் தம் முதல் ஆய்வை வெளியிட்டார். பின்னர் முறையை விரிவாக்கி இன்றைய பெயரைச் சூட்டினார். 2019இல் அவர் காலமானார்.

சிகிச்சை நடைபெறும் முறை

‘விரலைப் பார்த்தால் போதும்’ என்ற எண்ணம் தவறானது. ஈ.எம்.டி.ஆர். எட்டுக் கட்டங்கள் கொண்டது.

1. வரலாறு அறிதல்: நடந்தது என்ன, வேறு நோய்கள் உள்ளனவா, இப்போது பாதுகாப்பான சூழலில் இருக்கிறாரா என்று கேட்டறிதல்.
2. ஆயத்தம்: சிகிச்சையை விளக்கி, பதற்றம் கூடினால் தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழிகளைக் கற்பித்தல்.
3. மதிப்பீடு: மிகவும் வருத்தும் காட்சியையும், அதோடு ஒட்டிய ‘தவறு என்னுடையதே’ போன்ற எண்ணத்தையும் அடையாளம் காணுதல். துன்பத்தின் அளவு 0 முதல் 10 வரை எண்ணால் குறிக்கப்படும்.
4. உணர்வு தணித்தல்: காட்சியை மனத்தில் நிறுத்தியபடியே, இருபுறமும் நகரும் சிகிச்சையாளரின் விரலைக் கண்களால் பின்தொடர்தல். ஒவ்வொரு சுற்றும் அரை நிமிட அளவில் முடியும். பிறகு மனத்தில் தோன்றியதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்.
5. நல்லெண்ணத்தைப் பதித்தல்: ‘அந்த நொடியில் என்னால் முடிந்ததைச் செய்தேன்’ போன்ற எண்ணத்தை அந்த நினைவோடு இணைத்தல்.
6. உடலைக் கவனித்தல்: நெஞ்சு இறுக்கம், தோள் பாரம் போன்றவை எஞ்சியுள்ளனவா என்று பார்த்தல்.
7. முடித்தல்: அமைதியான நிலையில் அமர்வை நிறைவு செய்தல்.
8. மறுமதிப்பீடு: அடுத்த அமர்வில் முன்னேற்றத்தைச் சரிபார்த்தல்.

ஓர் அமர்வு பொதுவாக ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் நீளும். இது மயக்கநிலைச் சிகிச்சை அன்று. நோயாளி முழு விழிப்புடன் இருக்கிறார், விரும்பும்போது நிறுத்தச் சொல்லலாம். நடந்ததை விரிவாக விவரிக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால், பேசத் தயங்குபவர்களுக்கு இது எளிதாக அமைகிறது.

கண் அசைவு ஏன் உதவுகிறது?

இக்கேள்விக்கு முடிவான விடை இல்லை. கண்கள் வேகமாக அசையும் உறக்கக் கட்டத்தில் மூளை நினைவுகளை ஒழுங்குபடுத்துவது போன்ற செயலே இங்கும் நிகழ்கிறது என்பது ஒரு கருத்து.

இன்னொரு விளக்கம் செயல் நினைவு பற்றியது. ஒரே நேரத்தில் மனம் கையாளக்கூடிய தகவல் குறைவு. கொடிய காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டே நகரும் விரலையும் பின்தொடர்ந்தால், இரண்டுக்கும் இடம் போதாமல் காட்சியின் கூர்மை மங்குகிறது. மங்கிய நிலையிலேயே அது மீண்டும் நினைவில் சேமிக்கப்படுகிறது. நெதர்லாந்தின் மார்செல் வான் டென் ஹவுட், ஐரிஸ் எங்கல்ஹார்ட் ஆகியோரின் ஆய்வுகள் இவ்விளக்கத்துக்கு வலுச் சேர்த்தன. மனக்கணக்குப் போடுவது போன்ற வேறு வேலைகளும் இதே விளைவைத் தருவதால், கண்ணுக்கென்று தனி ஆற்றல் இல்லை என்றும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

கண் அசைவே தேவையா என்பதிலும் விவாதம் உண்டு. 2001இல் டேவிட்சன், பார்க்கர் ஆகியோர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கண் அசைவு கூடுதல் பயன் தருவதாகத் தெரியவில்லை என்றனர். 2013இல் லீ, கைபர்ஸ் ஆகியோரின் தொகுப்பாய்வு, கண் அசைவால் கூடுதல் பயன் உண்டு என்றது. முழுச் சிகிச்சையின் பயனில் இந்த அளவுக்குக் கருத்து வேறுபாடு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மனக்காயத்தை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் ஈ.எம்.டி.ஆர். முறையையும் பரிந்துரைத்தது. அமெரிக்க உளவியல் சங்கம் 2017இல் முன்னதை வலுவாகவும் பின்னதை நிபந்தனையுடனும் பரிந்துரைத்தது.

தட்டுதல் சிகிச்சை

தட்டுதல் முறையின் தொடக்கம் அமெரிக்க உளவியலாளர் ரோஜர் கலஹன் என்பவரிடம் உள்ளது. 1980 வாக்கில் தண்ணீரைக் கண்டு அஞ்சிய ஒரு பெண்ணின் கண்ணுக்குக் கீழே தட்டச் சொன்னபோது அச்சம் நீங்கியது என்று அவர் கூறினார். சீன அக்குபங்சர் மருத்துவத்தின் ஆற்றல் பாதை என்ற கருத்தை அடிப்படையாக வைத்து, ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒவ்வொரு தட்டு வரிசையை வகுத்தார். அவரிடம் பயின்ற பொறியியல் பட்டதாரி கேரி கிரெய்க், 1990களில் எல்லாச் சிக்கலுக்கும் ஒரே வரிசை போதும் என்று எளிதாக்கினார். அதுவே ஈ.எஃப்.டி.

இதில் முதலில் துன்பத்தை 0 முதல் 10 வரை மதிப்பிடுவர். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க ஓரத்தைத் தட்டியபடி, ‘இந்தப் பயம் எனக்கு இருக்கிறது, இருந்தாலும் என்னை நான் ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற பொருளில் ஒரு தொடரைச் சொல்வர். பிறகு புருவத் தொடக்கம், கண்ணோரம், கண்ணுக்குக் கீழ், மூக்குக்குக் கீழ், முகவாய், காறை எலும்பு, அக்குளுக்குக் கீழ், உச்சந்தலை ஆகிய இடங்களில் விரல் நுனியால் சில முறை தட்டி, மீண்டும் மதிப்பிடுவர்.

இதனால் பயன் பெற்றதாகச் சொல்பவர்கள் உண்டு, ஆய்வுகளும் உண்டு. 2013இல் வெளியான ஒன்றில் 59 முன்னாள் படைவீரர்கள் பங்கேற்றனர். தட்டுதல் பயிற்சி பெற்றவர்களின் அறிகுறிகள், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிட வெகுவாகக் குறைந்தன. ஆனால் ஒன்றும் பெறாதவரோடு ஒப்பிடும்போது, பயன் தட்டியதால் வந்ததா, அக்கறையோடு ஒருவர் கேட்டதால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது.

இதைப் பிரித்தறிய முயன்றது 2003இல் வெய்ட், ஹோல்டர் ஆகியோர் கனடாவில் நடத்திய ஆய்வு. பயம் குறித்து 119 மாணவர்களிடம் அது நடத்தப்பட்டது. ஒரு குழு உரிய புள்ளிகளில் தட்டியது. மற்றொன்று கையில் வேறு இடங்களில் தட்டியது. மூன்றாவது ஒரு பொம்மையைத் தட்டியது. நான்காவது எதையும் தட்டவில்லை. தட்டிய மூன்று குழுக்களிலும் பயம் குறைந்தது. நான்காவதில் அவ்வாறு குறையவில்லை. பொம்மையைத் தட்டினாலும் பயம் குறைகிறது என்றால், ஆற்றல் பாதையும் புள்ளியும் அதற்குக் காரணமாக இருக்க முடியாது. பயத்தை நேராக எண்ணிப் பார்ப்பது, அதே நேரத்தில் கவனம் வேறொரு வேலையில் பகிரப்படுவது, தன்னை ஏற்கும் சொற்களைச் சொல்வது ஆகியவை காரணமாக இருக்கலாம்.

இருவகைத் தட்டுதல்

ஈ.எம்.டி.ஆர். சிகிச்சையிலும் தட்டுதல் உண்டு. கண் நோய் உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் விரலைப் பின்தொடர்வது கடினமானால், இரு கைகளிலும் இடம் வலம் என மாறி மாறித் தட்டுவர். ‘வண்ணத்துப்பூச்சி அணைப்பு’ என்பது இதன் ஒரு வடிவம். கைகளை மார்பின் குறுக்கே வைத்துத் தோள்களை மாறி மாறித் தட்டும் இம்முறையை, மெக்சிகோவில் 1997இல் வீசிய பாலின் புயலுக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட குழந்தைகளுடன் பணியாற்றிய லூசினா அர்ட்டிகாஸ் உருவாக்கினார். இதில் ஆற்றல் புள்ளி என்ற கருத்து இல்லை. எனவே காணொளியில் ஒருவர் தட்டுவதைக் காட்டினால், அது எந்த முறை என்று முதலில் கேட்க வேண்டும்.

இந்தியாவிலும் தமிழர் பகுதிகளிலும்

கண் அசைவுச் சிகிச்சை இந்தியாவில் பரவியதில் பேரிடர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கச்சு பகுதியில் பூகம்பம் ஏற்பட்டபின், வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் வந்து இந்திய உளவியலாளர்களுக்கு இம்முறையைக் கற்பித்தனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகக் கரையையும் இலங்கையையும் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேர் இறந்தனர். இலங்கையில் இம்முறையைப் பயன்படுத்திய அனுபவத்தை மருத்துவர் ருவன் ஜயதுங்க 2008இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்.

அதே பேரிடரின்போது நடந்த வேறு இரு ஆய்வுகள், கண் அசைவோ தட்டுதலோ இல்லாமலும் மனக்காயம் ஆறும் என்பதைக் காட்டுகின்றன. வடகிழக்கு இலங்கையில் போரையும் ஆழிப்பேரலையையும் ஒருங்கே சந்தித்த 31 தமிழ்க் குழந்தைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆற்றுப்படுத்துநர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினர். ஒரு பாதியினர் தம் வாழ்க்கைக் கதையை வரிசையாகச் சொன்னார்கள். மறுபாதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதத்துக்குப் பின் முதல் குழுவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாவதில் 71 விழுக்காட்டினரும் குணமடைந்திருந்தனர். கிளாடியா கட்டானி குழுவினரின் இவ்வாய்வு 2009இல் வெளியானது.

சென்னையில் ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பின் நிறுவனர் லட்சுமி விஜயகுமாரும் உடன் ஆய்வாளரும், ஆழிப்பேரலையில் உறவினரை இழந்தவர்களுக்குப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் அளித்த உணர்வாதரவின் பயனை மதிப்பிட்டு 2008இல் வெளியிட்டனர். ஆதரவு பெற்றவர்களின் உளத்துயர், பெறாதவர்களைவிடக் குறைவாக இருந்தது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு பொதுக்கூறு தெரிகிறது. நம்பிக்கைக்குரிய ஒருவர் உடனிருக்க, பாதிக்கப்பட்டவர் தம் நினைவையோ உடற்பதற்றத்தையோ தாங்கக்கூடிய அளவில் எதிர்கொள்வதே ஆறுதலின் மையம். கண் அசைவு அதற்கு ஒரு துணைக்கருவி. தட்டுதலும் சிலருக்குத் தளர்வுப் பயிற்சியாக உதவக்கூடும். ஆனால் அது சிகிச்சைக்கு மாற்றாகாது.

சேலம், நாமக்கல் பகுதியில் உதவி பெறும் வழிகள்

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இப்பகுதியின் முதன்மை அரசு மருத்துவமனை. நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. தமிழ்நாட்டில் 1997இல் திருச்சியில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம், இன்று மாநிலமெங்கும் செயல்படுகிறது. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலும் பேசலாம். வெளியூரில் லோடு ஏற்றக் காத்திருக்கும் ஓட்டுநருக்கும் இது எட்டும்.

ஈ.எம்.டி.ஆர். பயிற்சி பெற்றவர்கள் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. அதனால் சிகிச்சை கிடைக்காது என்று எண்ண வேண்டியதில்லை. மனக்காயத்தை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கும் வலுவான சான்று உண்டு. தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மருந்தும் தருவார்.

சிகிச்சையாளரிடம் கேட்க வேண்டியவை:

- உங்கள் அடிப்படைக் கல்வி என்ன? மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு உள்ளதா?
- இம்முறையில் எங்கே, எவ்வளவு பயிற்சி பெற்றீர்கள்?
- அமர்வின் நடுவே பதற்றம் கூடினால் என்ன செய்வீர்கள்?
- ஏறக்குறைய எத்தனை அமர்வு, எவ்வளவு கட்டணம்?

‘ஒரே அமர்வில் முழுக் குணம்’, ‘மாத்திரையை இன்றே நிறுத்துங்கள்’ என்று சொல்பவர்களைத் தவிர்ப்பது நல்லது.

எச்சரிக்கைகள்

கொடிய நினைவை எழுப்பும் பயிற்சியைக் காணொளியைப் பார்த்துத் தனியாகச் செய்யக் கூடாது. எழுந்த நினைவை அடக்கத் துணை இல்லாதபோது நிலைமை மோசமாகலாம். வலிப்பு நோய், கண் நோய், கர்ப்பம், தீவிர மனநோய், மதுப் பழக்கம், தற்கொலை எண்ணம், தன்னிலை மறந்து போதல் ஆகியவை இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வீட்டில் இன்னும் வன்முறைக்கு ஆளாகிக்கொண்டிருப்பவருக்கு முதல் தேவை பாதுகாப்பு. நினைவுச் சிகிச்சை அதற்குப் பிறகுதான்.

விபத்து நடந்த உடனே இச்சிகிச்சைகள் அனைவருக்கும் தேவைப்படுவதில்லை. நடந்ததை உடனடியாக முழுவதும் சொல்லச் சொல்லி வற்புறுத்துவதும் நல்லதன்று. முதல் வாரங்களில் உணவு, உறக்கம், பாதுகாப்பு, உறவினரின் துணை ஆகியவையே முதன்மையானவை. ஒரு மாதம் கடந்தும் அதே காட்சி வந்துகொண்டிருந்தால், வண்டிச் சாவியைத் தொடவே கை கூசினால், அது கோழைத்தனமன்று. குணப்படுத்தக்கூடிய ஒரு நோயின் அறிகுறி. எலும்பு முறிவுக்கு மருத்துவமனை செல்வது போல இதற்கும் செல்லலாம்.